டைப்பிஸ்டின் எடை

காலை ஆறரைக்கு முதல் வேலை புல். கூண்டின் பக்கவாட்டில் தொங்கும் கம்பித் தட்டில் உலர்ந்த புல் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். அதற்கு அளவு கிடையாது. பெல்லட் எனும் கட்டித் தீனிக்கு அளவு உண்டு. நீலக் கரண்டியில் தலைதட்டி இரண்டு. ஒன்று மேனேஜருக்கு, ஒன்று டைப்பிஸ்டுக்கு. பிறகு தண்ணீர்ப் புட்டியின் குழாய் நுனியில் உள்ள சிறு குண்டை விரலால் தட்டிச் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக ஏசி. இருபதில் இருக்க வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் தாங்காது. அவற்றுக்கு வியர்க்காது.

இதெல்லாம் ஒரு தாளில் என் மனைவியின் கையெழுத்தில் ஃபிரிட்ஜின் பக்கத்தில் ஒட்டியிருந்தது. தாளின் நடுவே, “திராட்சை கிடையாது. அப்பா, இது உங்களுக்குத்தான்” என்று ஒரு வரி. கீழே, “செவ்வாய், வெள்ளி: தூள் குளியல். தண்ணீர் மேலே படக் கூடாது.” அதற்கும் கீழே, கடைசி வரியாக, “ஞாயிறு: எடை.”

சின்சில்லாவைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்வதென்றால், அணிலின் வால், முயலின் உடம்பு, எலியின் முகம். சாம்பல் நிறம். ரோமம் அவ்வளவு அடர்த்தி என்பதால் உள்ளே இருக்கும் உடம்பு எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. இது முக்கியம். அப்போது எனக்குத் தெரியாது.

என் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். அங்கே வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி நாட்டை விட்டுப் போகும்போது இந்த இரண்டையும் கூண்டோடு அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இரண்டும் பெண். ஒன்று நாள் முழுக்க மேல் பலகையில் சப்பணம் போட்டதுபோல் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். மற்றது ஓயாமல் மரக்கட்டையைக் கொறிக்கும். டக்டக்டக். அது டைப்பிஸ்ட்.

“இதுங்களுக்குப் பல்லு சாகற வரைக்கும் வளர்ந்துட்டே இருக்கும், தெரியுமா? எங்க டாக்டர்கிட்ட சொன்னேன். பொறாமையா இருக்குன்னார். இப்படி நாலு பேஷன்ட் இருந்தா வீடு கட்டிடலாமாம்” என்றாள்.

அவள் அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. தபால் நிலையத்தில் முப்பத்தாறு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். மனைவி இல்லை, இந்த ஒரு மகள்தான். அடுத்த தெருவில் வீடு.

“எலியைக் கொண்டாந்து ஏசில வெச்சிருக்கீங்க. பெத்த அப்பன் ஃபேனுக்குக் கீழ வேகறேன்.”

“நீங்களும் கூண்டுல இருக்கறதா இருந்தா சொல்லுங்கப்பா, எடம் இருக்கு.”

“மாப்ள, கேட்டீங்களா? உங்க முன்னாடியே சொல்றா.”

நான் கேட்டேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

நான் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். கல்லூரியில் மின்னியல் படித்தேன். பழுது என்று அழைப்பு வந்தால் போய்ப் பார்ப்பேன். கதவு மூடாத லிஃப்ட், தளத்துக்கு நான்கு விரல் கீழே நிற்கும் லிஃப்ட். இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கையும் கண்ணும் தாமாக வேலை செய்தன. யாராவது ஏதாவது கேட்டால் பொருத்தமான பதில் வாயிலிருந்து வந்தது. நான் எங்கோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் மாதம் மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். பிறகு தன் வீட்டுக்குப் போனார். ஆனால் வேலை நாட்களில் மத்தியானம் வந்து ஏசி ஓடுகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். பெல்லட் கிண்ணம் காலியாக இருந்தால் இன்னும் அரைக் கரண்டி போடுவார். ஞாயிறு எனக்கு விடுமுறை என்பதால் வர மாட்டார். போன் செய்வார். காலை பத்து மணிக்கு, பிசகாமல்.

“ஆச்சா மாப்ள?”

“ஆச்சு மாமா.”

“நல்லது.”

அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். வாரம் முழுக்க என்னிடம் வேறு யாரும் கேட்காத கேள்வி அது. பெரும்பாலான ஞாயிறுகளில் நான் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன். பல் கூடத் தேய்த்திருக்க மாட்டேன். கிழவர் கவலைப்படுவாரே என்று “ஆச்சு” என்பேன். ஒரு சொல். ஒரு சின்னப் பொய். அதனால் யாருக்கு என்ன என்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தூள் குளியல். அகன்ற கண்ணாடி ஜாடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தூளைப் போட்டுக் கூண்டுக்குள் வைக்க வேண்டும். உள்ளே குதித்து உருளும். தூள் புகையாக எழும்பும். பத்து நிமிடத்தில் ஜாடியை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் அதையே கழிப்பறையாக்கிவிடும்.

அன்று மேனேஜர் உருண்டது. டைப்பிஸ்ட் ஜாடியின் விளிம்பில் முன்கால்களை வைத்துக்கொண்டு நின்றது. இறங்கவில்லை. முகத்தை மட்டும் உள்ளே நீட்டி எடுத்தது. தாடையில் தூள் ஒட்டி, குழைத்த சிமெண்டுபோல் கட்டியாகிவிட்டது. ஈரம் இல்லாமல் தூள் கட்டியாகாது. விரலால் தொட்டுப் பார்த்தேன். தாடை முழுக்க எச்சில். கழுத்து வரை நனைந்து ரோமம் திரித்திரியாக இருந்தது.

தூக்கினேன். கையில் ரோமம்தான் வந்தது. அதற்குள் உடம்பைத் தேட வேண்டியிருந்தது. முதுகெலும்பு விரலில் தட்டியது, மணிமணியாக.

சமையலறைத் தராசை எடுத்தேன். எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, உள்ளே விட்டேன். முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.

மாமாவுக்குப் போன் செய்தேன்.

“மாமா, டைப்பிஸ்ட் கடைசியா என்ன எடை இருந்துச்சு?”

“நான் பாத்தப்பவா? அறுநூறு. ஏன்?”

“எப்ப பாத்தீங்க?”

“நான் அங்க இருந்தப்ப. அஞ்சு ஞாயிறு பாத்தேன். அப்பறம் நீங்கதானே பாக்கறீங்க. கெளம்பும்போது சொன்னேனே, இனிமே ஞாயித்துக்கிழமை எடை உங்க பொறுப்புன்னு. சரின்னீங்க.”

அவர் சொன்னது எனக்கு நினைவில்லை. சரி என்றதும் நினைவில்லை. எடை அவர்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். மத்தியானம் வருகிறாரே, அப்போது.

“வாரா வாரம் போன் பண்ணிக் கேக்கறனே மாப்ள. என்ன இப்ப?”

“எளச்சிருக்கு மாமா. நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்.”

“நானும் வரேன்.”

எடை பார்க்காததை அவரிடம் சொல்லாமலே போனை வைத்தேன்.

மறுநாள் காலை விலங்கு மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் மூன்று நாய்கள். கைப்பிடி வைத்த பெட்டியில் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோயிருந்தோம். ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துப்போனால் வீட்டில் இருப்பது பயந்து ரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் காலடியில் கழுத்துப்பட்டை போட்ட ஒரு கிழட்டு நாய்.

“எலிக்கெல்லாம் டாக்டரா?”

“எலி இல்லீங்க” என்றார் மாமா. “சின்சில்லா. ஏசிலயே வளர்ந்தது.”

“கடிக்குமா?”

“மரியாதையில்லாம பேசுனா கடிக்கும்.”

டாக்டர் ஐம்பது வயதுப் பெண். நாய்க்கடித் தழும்பு கையில் இரண்டு இடத்தில். டைப்பிஸ்டைத் துண்டில் சுற்றிக் காதுக்குள் பார்க்கும் கருவியால் வாய்க்குள் பார்த்தார். தாடையின் கீழ்ப்புறத்தை விரலால் நீவினார். ஓரிடத்தில் நின்று திரும்ப நீவினார்.

“கடைசியா எடை எப்பப் பாத்தீங்க?”

“வாரா வாரம் பாக்கறோம்மா” என்றார் மாமா. “ஒரு ஞாயிறு தவறுனதில்ல. மாப்ள போன்ல குறிச்சு வெச்சிருப்பாரு. காட்டுங்க மாப்ள.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“பாக்கல” என்றேன்.

“போன வாரமா?”

“ஆறு மாசமா.”

மாமா என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரின் மேசைமேல் இருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் விளக்கினார். முன்பல் நன்றாக இருக்கிறது. பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கில் குத்துகிறது. வாய் மூடினால் வலி. அதனால்தான் எச்சில். ஆசைப்பட்டு எடுக்கும், மெல்ல முடியாமல் கீழே போட்டுவிடும். புல்லை விட்டுப் பல நாள் ஆகியிருக்கும். பெல்லட்டை நொறுக்கி ஓரளவு விழுங்கியிருக்கும். பிறகு அதுவும் இல்லை.

“கிண்ணம் காலியாத்தான் இருந்துச்சு டாக்டர், தெனமும்” என்றேன்.

“இன்னொண்ணு இருக்குல்ல” என்றார்.

மேனேஜர் பெட்டியின் மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

“ஜோடியா வளர்க்கறவங்களுக்கு எடைதான் கணக்கு. கிண்ணம் பொய் சொல்லும். வாரம் பத்து கிராம் குறையறப்பவே தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப தெரிஞ்சிருந்தா?”

“பல்லைத் தேய்ச்சு விட்டிருப்பேன். இப்பவும் தேய்க்கலாம். ஆனா மயக்க மருந்து குடுக்கணும். இந்த உடம்புக்கு மருந்து குடுத்தா எழுந்திருக்காது. நானூத்தி அம்பது கொண்டு வாங்க, பாக்கறேன். வேரும் உள்பக்கமா எறங்கியிருக்கு. அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. முதல்ல நானூத்தி அம்பது.”

ஊசி இல்லாத சிரிஞ்சுகள் ஐந்து கொடுத்தார். பெல்லட்டையும் புல்லையும் மாவாக்கிக் குழைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்குப் பத்து மில்லி. வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில்.

“கையால தள்ளும். தள்ளட்டும். தள்ளற வரைக்கும் நல்லது. தள்ளறத நிறுத்திட்டா எனக்குப் போன் பண்ணுங்க.”

வெளியே மரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. பெட்டியை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம்.

“அப்ப நான் வாரா வாரம் கேட்டது?” என்றார் மாமா.

“நான் சாப்டேனான்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன்.”



“ஆச்சான்னு கேட்டேன்.”

“ஆமா.”

“ஆச்சுன்னீங்க.”

“ஆமா.”

“சாப்டிருந்தீங்களா?”

“இல்ல.”

“ஒரு வாரமுமா?”

“நாலஞ்சு வாரம் சாப்டிருப்பேன்.”

மாமா செருப்பிலிருந்து ஒரு காலை எடுத்தார். திரும்ப நுழைத்தார்.

“முப்பத்தாறு வருஷம் மாப்ள. முழு விலாசம் இல்லாத கடுதாசிய ஒரு நாளும் பைக்குள்ள போட்டதில்ல. திருப்பி அனுப்பிடுவேன். கண்டிப்பான ஆளுன்னு பேரு எனக்கு. அப்படிப்பட்டவன் ஒத்தை வார்த்தையில கேட்டிருக்கேன் பாருங்க.”

“தப்பு என்மேலதான் மாமா.”

“நான் வேறன்னு சொன்னேனா?” என்றார். கோபமாக இல்லை. பிறகு, “எந்திரிங்க. வெயில் ஏறுது. அதுங்களுக்கு ஆகாது” என்றார்.

விடுப்பு கேட்க மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

“எலிக்கு உடம்பு சரியில்லன்னு லெட்டர் எழுதுவியா?”

“எழுதறேன் சார்.”

“குடும்பத்துல ஒருத்தருக்குன்னு நானே போட்டுக்கறேன். விடு. பத்து நாள். அதுக்கு மேல ஒரு லிஃப்டும் உனக்காகக் காத்திருக்காது.”

மாமா மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். மிக்ஸி அவர் வேலை. புல்லைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டி, பெல்லட்டோடு சேர்த்து அரைத்து, டீ வடிகட்டியில் சலிப்பார். சலிக்காவிட்டால் சிரிஞ்சு அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் குழைத்துத் தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். ஒரு தடவை நாக்கிலும் வைத்துப் பார்த்தார்.

“எப்படி மாமா?”

“ஆபீஸ் கேன்டீன் சாப்பாடு இதைவிட மோசம்.”

ஊட்டுவது என் வேலை. துண்டை அகல விரித்து, டைப்பிஸ்டை நடுவில் வைத்து, தலை மட்டும் தெரியச் சுற்றி, மடியில் வைத்துக்கொள்வேன். இடது கையின் இரண்டு விரலால் தலையைப் பிடித்து, வலது கையால் சிரிஞ்சைப் பக்கவாட்டில் நுழைப்பேன். ஒரு மில்லி. அது நாக்கைச் சுழற்றி விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாயில் போய்விடும். பிறகு இன்னொரு மில்லி. துண்டிலிருந்து முன்கைகள் இரண்டும் எப்படியோ வெளியே வந்துவிடும். குழந்தையின் நகத்தைவிடச் சிறிய உள்ளங்கை. அதில் ஐந்து விரல். அதைச் சிரிஞ்சின் மேல் வைத்துத் தள்ளும். முழு பலத்தோடு தள்ளும். போதும் போ என்பதுபோல.

“தள்ளுது மாமா.”

“தள்ளட்டும் தள்ளட்டும். நல்லாத் தள்ளு தாயி.”

எலி என்று அவர் சொல்வது நின்றிருந்தது. கோபமெல்லாம் மேனேஜர்மேல்.

“வெக்கமே இல்லாம ரெண்டு பேர் பங்கையும் நீ தின்னிருக்க. மூச்சு விடல பாரு. மேனேஜர்னா அப்படித்தான். எங்க போஸ்ட் மாஸ்டர் ஒருத்தன் இருந்தான், இதே மூஞ்சி.”

முடிந்ததும் தாடையைத் துடைத்துப் பஞ்சால் ஒற்றிக் காயவைக்க வேண்டும். கூண்டின் கீழே காகிதம் விரித்துப் புழுக்கைகளைப் பார்க்க வேண்டும். முன்பு அரிசிப் பருமன் இருந்தவை இப்போது சீரகம்போல் இருந்தன. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு, பிறகும் இரண்டு தடவை. பெரும்பாலான நேரம் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் நான் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி போனபோது நான் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. இங்கே செய்ய இருந்தது. இதையாவது செய்து முடித்தால் என்று நினைத்தேன். முடித்தால் என்ன என்று அந்த வாக்கியத்தை ஒரு நாளும் முடிக்கவில்லை.

மாமா இப்போது என்னிடம் எதையும் முழுதாகக் கேட்டார்.

“மாப்ள, இன்னைக்கு மத்தியான சாப்பாட்ட, தட்டுல போட்டு, உக்காந்து, நீங்க வாயால சாப்டீங்களா?”

“சாப்டேன் மாமா.”

“தட்டக் காட்டுங்க.”

காட்டினேன்.

இரண்டாம் நாள் முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. நான்காம் நாள் நானூற்று ஒன்று. மாமா பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, “நானூறு தாண்டியாச்சு” என்றார். ஐந்தாம் நாள் நானூற்று எட்டு. அன்று டைப்பிஸ்ட் கட்டையருகே போய் அதைக் கைகளில் எடுத்தது. ஒரு தடவை கொறித்தது. ஒரே ஒரு டக். கட்டையைக் கீழே வைத்துவிட்டது. நாங்கள் இருவரும் இன்னொன்றுக்காக அரை மணி நேரம் காத்திருந்தோம்.

ஆறாம் நாள் நானூற்று ஐந்து.

“ஒரு நாள் முன்ன பின்ன இருக்கும் மாப்ள. தராசு பாட்டரி பாத்தீங்களா?”

பாட்டரி மாற்றினேன். நானூற்று ஐந்துதான்.

ஏழாம் நாள் இடது கண்ணில் நீர் கோத்திருந்தது. எட்டாம் நாள் கண்ணைத் திறக்கவில்லை. எடை நானூற்றுக்குக் கீழே போய்விட்டது. அளவைக் கூட்டினேன், பன்னிரண்டு மில்லி. பாதி வழிந்தது. மாமா மாவை இன்னும் நைசாகச் சலித்தார். இரண்டு தடவை சலித்தார். சலித்ததை மறுபடி மிக்ஸியில் போட்டார். சத்தம் அதிகமாக இருந்தது, நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி ஊட்டலில் மூன்றாவது மில்லி போகும்போது கவனித்தேன். கைகள் துண்டுக்கு வெளியே இருந்தன. சிரிஞ்சின் மேல் இல்லை. என் சட்டைப் பொத்தான் பக்கத்தில் சும்மா கிடந்தன. சிரிஞ்சை எடுத்துக் கைகளுக்கு நேரே கொண்டுபோனேன். தள்ள வசதியாக. தள்ளவில்லை.

“மாமா, போன் பண்ணுங்க.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

அன்று நாய்கள் இல்லை. உடனே உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் எடை பார்த்தார். முந்நூற்று எண்பத்தொன்று. கண்ணுக்குக் கீழே விரலை வைத்து மெல்ல அழுத்தினார். டைப்பிஸ்ட் ஒரு சத்தம் போட்டது. எங்களிடம் இருந்த நான்கு வருடத்தில் அது அப்படிச் சத்தம் போட்டுக் கேட்டதில்லை.

“மேல் பல்லோட வேர் கண்ணு வரைக்கும் போயிடுச்சு” என்றார். “ரெண்டு வழி இருக்கு. இப்பவே மயக்க மருந்து குடுத்து வாய்க்குள்ள இருக்கறத தேய்க்கலாம். எழுந்திருக்க நூத்துக்கு அஞ்சு, பத்து. எழுந்தாலும் கண்ணுகிட்ட இருக்கற வலி அப்படியேதான் இருக்கும். இல்லன்னா வலியில்லாம அனுப்பிடலாம். நீங்க பேசிட்டு சொல்லுங்க.”

அவர் வெளியே போனார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“பத்துன்னா பத்து இருக்கில்ல மாப்ள” என்றார் மாமா. “இல்லாம இல்லையே. பண்ணிப் பாக்கலாம். அஞ்சு நாள் ஏறுச்சே. நீங்களும் பாத்தீங்க, கட்டைய எடுத்துச்சு.”

“எடுத்துச்சு.”

“அப்பறம் என்ன?”

டைப்பிஸ்ட் துண்டுக்குள் என் முழங்கையில் தலையைச் சாய்த்திருந்தது. தாடை நனைந்து என் சட்டையும் நனைந்திருந்தது. அந்தப் பத்து எங்களுக்கானது, அதற்கானது அல்ல என்று எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

“வேண்டாம் மாமா.”

“என் பொண்ணு வளர்த்தது மாப்ள.”

“தெரியும்.”

“அவ இருந்தா பண்ணச் சொல்லியிருப்பா.”

“அவ இருந்தா ஆறு மாசத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பா.”

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், யாராவது ஒருவர்மேல் படத்தான் செய்யும். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாயின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் பாகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பதுபோல் நின்றார். பிறகு தலையை அசைத்தார். சரி என்பதா, முடியவில்லை என்பதா தெரியவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

“நீங்களே பிடிச்சுக்கறீங்களா?” என்றார் டாக்டர்.

“பிடிச்சுக்கறேன்.”

முதலில் ஒரு சிறு முகமூடியில் தூங்கவைக்கும் வாயு. பிறகு ஊசி. அதிக நேரம் ஆகவில்லை. ரோமம் அவ்வளவு அடர்த்தி என்பதால் மூச்சு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டுச் சொன்னார். அதன் பிறகும் நான் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன், ஊட்டும்போது பிடிப்பதுபோல.

மாமா அழுதார். மகள் போன அன்று அவர் அழுததைப் பார்த்தவர்கள் உண்டு, நான் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க. எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். சட்டை ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

“அந்த இன்னொண்ணு பாக்கட்டும்” என்றார் டாக்டர். “பாக்கலன்னா தேடிட்டே இருக்கும்.”

பெட்டியைத் திறந்து உடம்பை உள்ளே வைத்தேன். மேனேஜர் வந்தது. காதை முகர்ந்தது. தாடையை முகர்ந்தது. முன்பல்லால் காதோர ரோமத்தை ஒரு தடவை மெல்ல இழுத்துக் கோதிவிட்டது. அவை ஒன்றுக்கொன்று தினமும் செய்வதுதான். பதிலுக்குத் தன் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சிறிது நேரம் நின்றது. பிறகு மூலைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

உடம்பை மருத்துவமனையிலேயே விட்டுவிடலாம் என்றார்கள். எங்கள் வீடு மூன்றாம் மாடி, மண் கிடையாது. விட்டுவிட்டோம். ஒரு படிவம் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். முதல் தடவையாக.

கிளம்பும்போது டாக்டர் நிறுத்தினார். எங்களை அப்படியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

“அதையும் ஒரு தடவை பாத்துடறேன். வெளில எடுங்க.”

மேனேஜரைத் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். வாய்க்குள் பார்த்தார், இரண்டு பக்கமும். தாடையை நீவினார். கண்ணுக்குக் கீழே அழுத்தினார். மேனேஜர் அவர் கையை உதறித் தள்ளியது.

“அருமையான பல்லு” என்றார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார். “என்ன வயசு?”

“ஆறு.”

“ஒரு கவலையும் இல்ல. நல்லாப் பாத்துக்கிட்டா பதினெட்டு, இருபது வரைக்கும் இருக்கும். இன்னும் பன்னெண்டு வருஷம் தாராளமா.”

நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

மாமா விரல் விட ஆரம்பித்தார். தன் வயதைக் கூட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நடுவில் விட்டுவிட்டுக் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பெட்டியைத் தூக்கினேன். ஒன்றே ஒன்று மூலையில் இருந்ததால் பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. கையை மாற்றிப் பிடித்தேன். மேனேஜர் சறுக்கிக்கொண்டு மறு மூலைக்குப் போயிற்று. இப்போது இந்தப் பக்கம் சாய்ந்தது.

“அடியில கை குடுத்துப் பிடிங்க மாப்ள” என்றார் மாமா.

அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே வந்தோம். நல்ல வெயில். மாமா தன் துண்டை விரித்துப் பெட்டியின் மேல் போட்டார். பஸ் நிறுத்தம் தெருக்கோடியில் இருந்தது. நிழல் இல்லாத தெரு.